ஒரே எண்ணெய், ஐந்து தூண்டில்

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து கொட்டியாரக் குடாவைத் தாண்டித் தொழிலுக்குப் போகும் எமது சகோதரர்கள், மீன் விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு எண்ணெய்ச் செலவைக் கணக்குப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோதுதான் கொப்பியும் பேனையும் எடுத்தேன். பின்னர் விலை இறங்கினாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஓடும் படகின் பின்னால் போலி இரையை இழுத்துப் பிடிக்கும் 'ட்ரோலிங்' தொழிலில், ஒரு தூண்டில் போட்டாலும் ஐந்து போட்டாலும் இயந்திரம் குடிக்கும் எண்ணெய் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் இரண்டாவது தூண்டிலிலிருந்து கிடைப்பதெல்லாம் இலாபம் அல்லவா? திருகோணமலைக் கடலில் இன்னொரு வசதியும் உண்டு. ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்குவதால், பெரிய மீனைத் தேடி வெகுதூரம் ஓட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை நம்பி ஒருநாள் ஐந்து தூண்டில்களையும் ஒரே நீளத்தில் விட்டேன். பறவைகள் வட்டமிடுவதைக் கண்டு படகைச் சட்டென்று திருப்பினேன். ஐந்து தங்கூசியும் ஒரே சிக்கு! அவிழ்த்து முடிவதற்குள் மீன் கூட்டம் போய்விட்டது. வெறும் படகோடு கரைக்கு வந்தேன். எண்ணெய்க் கடன் மட்டும் மிஞ்சியது.

அடுத்த முறை கூட வந்த மூத்த தொழிலாளி ஒருவர் சொன்னார்: "தம்பி, தூண்டில் கூடினால் ஒழுங்கும் கூட வேணும்."

அவர் காட்டிய ஒழுங்கு இதுதான். நடுத் தூண்டில் 50 மீற்றர் தூரத்தில். படகின் இருபுறமும் நீட்டிக் கட்டிய மூங்கில்களிலிருந்து இரண்டு, 30 மற்றும் 35 மீற்றரில். பின் மூலைகளில் இரண்டு, 10 மற்றும் 15 மீற்றரில். விடும்போது தூரத்தில் நிற்பது முதலில், எடுக்கும்போது கிட்ட நிற்பது முதலில். வேகம் மணிக்கு 6 முதல் 8 கடல் மைல். திரும்பினால் அகலமாக வட்டமிட்டே திரும்ப வேண்டும்.

மீன் கடித்தவுடன் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது. சூரை கூட்டமாக வரும். சில விநாடிகள் ஓடவிட்டால் இரண்டாவது தூண்டிலும் இழுபடும். பிறகு வேகத்தைக் குறைத்து, மற்றவற்றைச் சுற்றி எடுத்துவிட்டு மீனைக் கவனிக்கலாம். அறக்குளாவும் சீலாவும் பல்லால் தங்கூசியை அறுக்கும். ஆகவே தூண்டில் முள்ளோடு சிறு துண்டு கம்பி கட்டுவது கட்டாயம்.

பிடித்ததோடு வேலை முடிவதில்லை. மீனை அறுக்கத் தேவையில்லை என்பது மார்க்கச் சட்டம். ஆனால் சூரையின் இரத்தத்தை உடனே வடித்து ஐஸில் வைத்தால்தான் சதை கெடாது, நல்ல விலை கேட்கலாம். ஐஸ் இல்லாமல் ஐந்து தூண்டில் போடுவது வீண் உழைப்பு.

புதிதாகத் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விலையுயர்ந்த தடியும் ரீலும் வாங்க வட்டிக் கடன் எடுக்காதீர்கள். கைக் கயிறும் மூங்கிலுமே போதும். மூன்று தூண்டிலில் கை பழகிய பின் ஐந்துக்குப் போங்கள். ஒவ்வொரு பயணத்தின் எண்ணெயையும் மீனையும் எழுதி வையுங்கள். நான் இன்று எண்ணெயைக் கடனுக்கு வாங்குவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.