படைத்தலைவர்களின் மனம் – 9: நேதாஜி எந்த வகை மனிதர்?

மையர்ஸ்-பிரிக்ஸ் முறை மனித இயல்பைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கிறது. அதில் சுபாஷ் சந்திர போஸை எங்கே வைப்பது? மேடை, சீருடை, முழக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் கூட்டத்தில் மகிழும் புறமுகி என்று சொல்லிவிடத் தோன்றும்.

எனக்கு அவர் அகமுகி. 1937 டிசம்பரில் ஆஸ்திரியாவில் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றில் அவரே தம்மை அப்படித்தான் காட்டுகிறார். பதினைந்து வயதில் விவேகானந்தரைப் படித்தவர், 1914இல் வீட்டில் சொல்லாமல் குருவைத் தேடிப் புறப்பட்டார். சிங்கப்பூரில் இந்திய விடுதலைக்கான படையை நடத்திய நாட்களிலும் இரவில் இராமகிருஷ்ண மடத்துக்குப் போய்த் தனியே தியானத்தில் இருப்பார். உடனிருந்த எஸ்.ஏ. ஐயர் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த போஸ்தான் நினைவுக்கு வருகிறார்.

அறிவால் முடிவெடுப்பவரா, மனத்தாலா? இதற்குச் சாட்சி சொன்னவர் கோலாலம்பூர்ப் பெண். 1943இல் போஸின் பேச்சைக் கேட்டு, காதிலிருந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன். போஸின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியானார். 1945 ஏப்ரலில் ரங்கூன் கைவிட்டுப் போனபோது, அந்தப் பெண்களை விட்டுவிட்டுக் கிளம்ப போஸ் மறுத்தார். அவர்களோடு நடந்தார். காலணியைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளங்கள் என்று ஜானகி அம்மையார் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆகவே என் ஊகம் ஐ.என்.எஃப்.ஜே: உள்ளே ஒடுங்கிய, தொலைநோக்குள்ள, மனிதர்மேல் பரிவுள்ள, முடிவில் அசையாத இயல்பு.

ஆனால் போஸின் பேச்சு இங்கே மலாயாவில் பற்றிக்கொண்டதற்கு அவருடைய இயல்பு மட்டும் காரணமில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் ராணுவத்தைக் கொண்டு அடக்கினார்கள், உயிர்கள் போயின. இரண்டே ஆண்டில், தலை நிமிர்ந்து நில் என்று சொல்ல ஒருவர் வந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே 1943இல் சயாம் மரண ரயில்பாதையில் மலாயாத் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டிப்போனது போஸ் துணைக்கு நம்பிய ஜப்பான். ரங்கூன் சாலையில் சிலருக்காக நடந்த அதே மனிதரால் அந்தச் சாவுகளை நிறுத்த முடியவில்லை. தொலைவிலுள்ள விடுதலையில் கண் வைத்த மனத்தின் பெரிய குறை இதுதான் என்பது என் தீர்ப்பு. அவர்மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் போய்விடவில்லை. ஆனாலும் இதை விட்டுவிட்டு அவர் இயல்பை எடை போட மாட்டேன்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ படைக்குப் போனார்களா, ரயில்பாதைக்குப் போனார்களா? கேட்டது நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.