ஒரே கட்டில் போதும்

தன்பாலின ஜோடிகளுக்குத் தலைநகரின் நட்சத்திர ஹோட்டல் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பர்ஸ் கனமாக இருந்தால் போதும்

இரண்டு ஆண்கள் சேர்ந்து ஹோட்டலில் அறை எடுப்பது இந்தியாவில் என்றைக்குமே பிரச்னையாக இருந்ததில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளாக இருக்கும், கல்யாணத்துக்கு வந்த மாமன் மச்சானாக இருக்கும் என்று சாவியை நீட்டிவிடுவார்கள். ஆணும் பெண்ணும் வந்தால்தான் வரவேற்பாளரின் கண் கழுத்தில் தாலியைத் தேடும். சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. "இரண்டு தனிக் கட்டில் போட்டுவிடலாமா சார்?" இதற்கு "வேண்டாம், ஒரே பெரிய கட்டில் போதும்" என்று சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

அந்தக் குரல் தாழ வேண்டியதில்லை என்பதுதான் இன்று தில்லியில் விற்பனைக்கு இருக்கும் சொகுசு. கனாட் பிளேஸை ஒட்டி, பாரகம்பா அவென்யூவில் நிற்கும் லலித் ஹோட்டல் இந்த வியாபாரத்தில் முன்னோடி. அதன் செயல் இயக்குநர் கேசவ் சூரி, தன்பாலின ஈர்ப்பைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை எதிர்த்து 2018-ல் உச்ச நீதிமன்றம் சென்ற மனுதாரர்களில் ஒருவர். அந்த ஆண்டு செப்டம்பர் 6-ம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தபோது, ஹோட்டல் ஊழியர்கள் முகப்புக் கூடத்திலேயே ஆடிக் கொண்டாடினார்கள்.

இரண்டு நாள் விடுமுறைக்குத் தலைநகரில் விஷயம் நிறையவே இருக்கிறது. வெள்ளி இரவுக்கு ஹோட்டலின் உள்ளேயே கிட்டி சூ. 2011-ல் தொடங்கிய இந்த நடன விடுதி, ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிப் பாடும் 'டிராக்' நிகழ்ச்சிகளுக்குப் பேர்போனது. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் நடிகர்களைக் கைதட்டி ரசித்த ஊர்க்காரர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய அதிகம் இல்லை.

சனிக்கிழமை மெஹ்ரௌலி. அங்குள்ள தொல்லியல் பூங்காவில், 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய அழகான கல்லறை மண்டபத்தில் இரண்டு சமாதிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று சூஃபி கவிஞர் ஜமாலியுடையது. மற்றவர் கமாலி. அவர் யார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சீடர் என்கிறார்கள் சிலர், காதலர் என்கிறார்கள் சிலர். ஜோடியாக வருபவர்கள் எதை நம்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு காலைக்கு லோடி தோட்டம் இருக்கிறது, சுந்தர் நர்சரி இருக்கிறது.

பெரும்பாலும் நவம்பரில் நடக்கும் வானவில் பேரணியையொட்டி வந்தால் இன்னும் விசேஷம். 2008-ல் முதன்முதலாக நடந்த இந்த ஊர்வலத்தின் வழக்கமான பாதை, ஹோட்டலுக்குப் பக்கத்திலுள்ள பாரகம்பா சாலையிலிருந்து ஜந்தர் மந்தர் வரை. பேரணிக்குக் கட்டணம் இல்லை. ஹோட்டல் அப்படியல்ல. ஓர் இரவுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் அறை வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்துகொள்ளும்.

கண்ணியத்துக்கு இப்படி விலைப்பட்டியல் இருப்பதுதான் நெருடல். மணச் சான்றிதழ் காட்டினால்தான் அறை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடையாள அட்டை போதும். கோவையில் ஒரு தங்குமிடம் 'சீல்' வைக்கப்பட்ட வழக்கில், மணமாகாத ஜோடி ஓர் அறையில் தங்குவது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பஸ் ஸ்டாண்ட் லாட்ஜில் சட்டத்தைவிட மேனேஜரின் முகச்சுளிப்புக்கே பலம் அதிகம். நட்சத்திர ஹோட்டலில் ஊழியருக்குப் பயிற்சி தருகிறார்கள். லாட்ஜில் யார் தருவது?

நீதிமன்றங்களும் இந்த ஜோடிகளை ஊஞ்சலாட்டியிருக்கின்றன. 2009-ல் தில்லி உயர் நீதிமன்றம் கொடுத்ததை 2013-ல் உச்ச நீதிமன்றம் பறித்தது. 2018-ல் அதுவே திருப்பிக் கொடுத்தது. திருமண உரிமை கேட்டவர்களுக்கு 2023 அக்டோபர் 17-ம் தேதி 'இல்லை' என்றது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. கிடைத்த ஆறுதல் சிறியது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், துணையை நாமினியாகப் போடவும் தடை எதுவும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

ஆக, சேர்ந்து சேமிக்கலாம், சேர்ந்து செலவழிக்கலாம், சேர்ந்து ஊர் சுற்றலாம். கணவன் மனைவி என்று பதிவு செய்ய மட்டும் முடியாது. ஹோட்டலில் அவர்களை ஜோடியாகவே நடத்துவார்கள், ஞாயிறு மதியம் அறையைக் காலி செய்யும்வரை. திங்கட்கிழமை வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும்போது, அவர்கள் மறுபடியும் 'ரூம் மேட்'கள்.