சாவியை வாங்கும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்
அந்தமானில் சில மாதங்கள் தங்கப் போகிறவர்களுக்கு

ஹேவ்லாக் படகுத்துறையை விட்டு வெளியே வந்தால் வாடகை ஸ்கூட்டர்கள் கண்ணில் படும். 2018-ல் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் என்று மாறிவிட்டது, ஆனாலும் பேச்சில் அது இன்னும் ஹேவ்லாக்தான். ஆதாரைக் கொடுத்து, விலை பேசி, சாவியை வாங்கிக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது. நாள் வாடகை 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 30,000 ரூபாய். டைவிங் பயிற்சிக்கோ, விடுதி வேலைக்கோ, கட்டட ஒப்பந்தத்துக்கோ வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர் குறைந்த வாடகைக்கு வண்டி தேடுவது இயல்பு. அப்படித் தேடும்போதுதான், தெரிந்தவர் ஒருவரின் சொந்த ஸ்கூட்டர் பாதி வாடகைக்கு வந்து நிற்கும். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த ஸ்கூட்டரைப் பற்றியது.

வண்டியே வேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) மோகன்புரா பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் பல பக்கமும் போகின்றன. கட்டணம் குறைவு. எதிர்க்கரையான பாம்பூஃபிளாட்டுக்கு சாத்தம் துறையிலிருந்து படகு உண்டு, அதில் வண்டியையும் ஏற்றலாம். தீவு விட்டுத் தீவு போக, தனியார் சொகுசுப் படகைவிட அரசுக் கப்பல் துறையின் படகு மிக மலிவு. அதிலும் தீவுவாசிகளுக்குத் தனிச் சலுகைக் கட்டணம் இருக்கிறது, தற்காலிகமாகத் தங்குகிறவர் அதை எதிர்பார்க்க வேண்டாம். நீல் தீவு மிகச் சிறியது, சைக்கிளே போதும். ஹேவ்லாக்கில் துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை பத்து கிலோமீட்டருக்கு மேல். பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி வராது. தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அங்கே வண்டி தேவைப்படுவது உண்மைதான்.

அப்படியானால் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட். சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து. ஓட்டுநரில்லாமல் வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. மோட்டார் சைக்கிளை வாடகைக்கு விட 1997-லேயே மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது, அதன்படி உரிமம் வாங்க வேண்டும். வெள்ளைத் தகட்டு ஸ்கூட்டரை ஒருவர் வாடகைக்குக் கொடுத்தால், அது உரிமமில்லாத வியாபாரம். சிக்கினால் வண்டி பறிமுதலாகலாம், உங்கள் அன்றைய பயணம் நடுவழியில் நிற்கும். அது சின்னக் கஷ்டம். பெரிய கஷ்டம் காப்பீட்டில் இருக்கிறது.

சொந்த உபயோகத்துக்கான காப்பீட்டுப் பத்திரத்தில் வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். நீங்கள் ஓட்டிப் போகையில் ஒருவர் மீது மோதிவிட்டீர்கள் என்று வையுங்கள். நிபந்தனை மீறப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கும். அடிபட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்போது உரிமையாளர் சும்மா இருப்பாரா? வண்டி ஓட்டிய உங்கள் மீதும் பொறுப்பு வரும்.

இன்னொன்று இதைவிட முக்கியம், பலருக்கும் தெரியாதது. யார் மீதும் மோதாமல், மழை ஈரச் சாலையில் நீங்களே சறுக்கி விழுந்தால்? மூன்றாம் நபர் காப்பீடு என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வண்டியை ஓட்டுகிறவர் மூன்றாம் நபர் அல்ல. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறவர், ஆகவே அந்த வண்டியின் காப்பீட்டில் மூன்றாம் நபரைப் போல இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் தீர்ப்பளித்திருக்கிறது. உரிமையாளருக்கென்று எடுத்த 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எனவே வாடகை வண்டி ஓட்டுகிறவர் தன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு வைத்திருப்பது அவசியம். வங்கிக் கணக்கு வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் வரும். அந்தத் தொகை போதாது, ஆனால் அதுகூட இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள் உரிமத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கார் ஓட்ட மட்டும் உரிமம் உள்ளவர் ஸ்கூட்டர் ஓட்டினால், உரிமமே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. அபராதம் 5,000 ரூபாய். ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மறுப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமம் முடக்கம். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். எனவே வாடகைக்கு எடுக்கும்போதே இரண்டு ஹெல்மெட் கேளுங்கள், வார் அறுந்ததை வாங்காதீர்கள்.

வண்டியின் எண்ணை எம்பரிவாஹன் செயலியில் போட்டால் பதிவும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா என்று தெரிந்துவிடும். அசல் ஆதாரையோ உரிமத்தையோ பாஸ்போர்ட்டையோ பிணையாகக் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, அதை இன்னொருவரிடம் அடகு வைக்க உங்களுக்கே உரிமை கிடையாது. நகல் கொடுங்கள், ஆதாரில் எண் மறைத்த நகலைக் கொடுங்கள். முன்பணம் கேட்டால் ரொக்கமாகத் தராமல் யூபிஐயில் அனுப்புங்கள், அதுவே சாட்சி. வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுத்து, எடுத்த கையோடு உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மாத வாடகை எவ்வளவு, டயர் போனால் யார் செலவு, திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சினேகமாகப் பேசிக்கொள்கிறவர்களுக்குள் இது சங்கடமாகத் தோன்றலாம். போர்ட் பிளேர்க் கடைகளில் தமிழில் பேச ஆள் கிடைப்பது பெரிய நிம்மதிதான். ஆனால் தமிழில் பேசியே விலையும் நிபந்தனையும் முடித்துவிட்டு எழுதாமல் விடும் பழக்கம்தான் பின்னால் தகராறாகிறது.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, திரும்பும்போது விற்பது பெரும்பாலும் வாடகையைவிட லாபம். ஆனால் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, பதிவைக் கட்டாயம் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் 35-ஆம் எண் படிவமும் வேண்டும். போகும்போது நீங்கள் விற்கிறீர்களே, அப்போது இதைவிடக் கவனம் வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. வாங்கியவர் பெயரை மாற்றாமல் விட்டால், நீங்கள் மதுரையில் இருப்பீர்கள், அந்தமானில் நடந்த விபத்துக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். சென்னையிலிருந்து சொந்த வண்டியைக் கப்பலில் கொண்டுபோகிறவர்களும் உண்டு. 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும், அதற்கு வண்டி ஏற்கெனவே பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை.

இவ்வளவு பார்த்தும் தகராறு வந்தால்? இல்லாத கீறலுக்குப் பணம் பிடித்தால் பழுது பார்த்த பில்லைக் கேளுங்கள். சேவைக்கு ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். இதற்காக மறுபடி கப்பலேற வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. 5 லட்ச ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அசல் ஆவணத்தைத் தர மறுத்து மிரட்டினால் அது காவல் நிலைய விவகாரம், எண் 112.

விபத்து என்றால் முதலில் மருத்துவமனை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, பட்டியலிட்ட மருத்துவமனைகளில் 7 நாள் வரை 1.5 லட்ச ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. எதிர் வண்டியின் மீது தவறு இருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம், அதையும் சொந்த ஊரிலேயே. ஆறு மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் இல்லாமல் தீவை விட்டுக் கிளம்பாதீர்கள்.