உழைச்செல்வான்: பிள்ளைப் பிணியும் வீட்டார் கடமையும்

திருக்குறளில் ‘மருந்து’ தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதன் பத்துக் குறள்களையும் நிதானமாகப் படித்துப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். ஒரு மருந்தின் பெயர்கூட அதில் இல்லை. உண்டது செரித்ததா, பசி எடுத்ததா, அளவு என்ன என்பதைப் பற்றியே வள்ளுவர் பெரும்பாலும் பேசுகிறார். கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர் என்று பொருள்.

குழந்தைக்கு நோய் வந்தால் இந்த நான்காவது ஆள் யார்? தாய்தான். பாட்டியும் தாத்தாவும்கூடத்தான். அவர்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதே இக்கட்டுரை.

அடியேன் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கல்கத்தா வந்து, படாபஜாரில் ஏலம், கிராம்பு, சுக்கு, மிளகு மொத்த வியாபாரம் செய்து வருபவன். ஓய்வு நேரத்தில் கல்லூரித் தெருப் பழைய புத்தகக் கடைகளிலும் அலிப்பூர் தேசிய நூலகத்திலும் படித்ததே என் படிப்பு. சுக்கு விற்பவனுக்கு வைத்தியமும் தெரியும் என்று நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. லேக் மார்க்கெட்டில் பார்த்தால், “மாமா, குழந்தைக்கு சளி, என்ன குடுக்கலாம்?” என்று கேட்காத பெண்கள் குறைவு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன்.

எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1967 சித்திரையில் என் தங்கைக்குப் பேதி கண்டது. அவளுக்கு இரண்டு வயது, எனக்கு ஏழு. “தண்ணி குடுத்தா இன்னும் போகும், குடுக்காதே” என்று பெரியவர்கள் சொல்லி, என்னைக் காவல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். செம்பு பக்கத்திலேயே இருந்தது. “அண்ணா, தண்ணி” என்று பலமுறை கேட்டாள். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கொடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலை அவள் இல்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் அவள் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். உழைச்செல்வாருக்கு அன்பு இருந்தது, அறிவு வந்து சேரவில்லை.

பேதி: தண்ணீரே மருந்து

அந்த அறிவு எங்கே இருந்தது தெரியுமா? நாம் வாழும் இந்த ஊரில்தான். 1953-லேயே கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காப்பாற்றியதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். பின்னர் 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது எல்லையோரம் போங்காவ் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் கல்கத்தாவில் அளந்து, பாலிதீன் பைகளில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி அனுப்பினார். தண்ணீரில் கரைத்து ஊட்டியவர்கள் யார்? நோயாளியின் தாயும் தமக்கையும்தான். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இறந்துகொண்டிருந்த முகாமில், இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022 அக்டோபரில் அவர் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இது வேலை செய்யும் விதம் எளியது. குடலின் உட்சுவரில் உப்பை உள்ளிழுக்கும் வழி ஒன்று உண்டு. குளுக்கோஸ் துணைக்கு வந்தால்தான் அது திறக்கும். பேதியில் மற்ற வழிகள் கெட்டாலும் இது கெடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளே போக, தண்ணீர் பின்னாலேயே போகிறது. ஆனால் அளவு முக்கியம். சர்க்கரை கூடினால் குடலே தண்ணீரை வெளியே இழுத்துப் பேதி அதிகமாகும். சோடா பானமும் புட்டிப் பழரசமும் ஆகாது என்பது இதனால்தான். உப்பு கூடினால் அது வேறு ஆபத்து.

ஆகவே மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வீட்டில் வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஆனதா என்று உறையில் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் இனிப்புப் பானங்கள் அட்டைப் பெட்டிகளில் விற்கப்பட்டு வந்தன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவை அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். சிறிய பொட்டலமானால் உறையில் போட்ட அளவு. பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கொட்டுவது கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறை பேதியான பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. மடமடவென்று புகட்டாமல், நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் நீருக்குத் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. அதற்கு மேல் ஒரு சிட்டிகையும் வேண்டாம்.

பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. உணவு உண்ணும் பிள்ளைக்குக் குழைந்த சோறு, உப்பிட்ட கஞ்சி, மோர் கொடுக்கலாம். நம் வங்காளி அண்டை வீட்டார் ‘காஞ்ச்கலா’ என்று வாழைக்காயை வேகவைத்து மசித்துத் தருவார்கள். நல்ல வழக்கம், நாமும் கற்கலாம். துத்தநாக மருந்து 14 நாள் தருமாறு மருத்துவர் எழுதுவார். பேதி நின்றதும் அதை நிறுத்திவிடாமல் முடிக்க வேண்டும். பேதியைக் கட்டும் மாத்திரை மட்டும் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

காய்ச்சல்: அளந்து பார்த்தல்

கையை வைத்துப் பார்த்து “நெருப்பா கொதிக்குது” என்பதைவிட வெப்பமானி வைத்துப் பார்ப்பது மேல். 100.4 பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். இந்த ஊரில் கார்த்திகை பிறந்தாலே குழந்தைக்குக் குரங்குக் குல்லாய் மாட்டிவிடுவோம். காய்ச்சலில் கம்பளியும் குல்லாயும் போட்டு மூடினால் சூடு வெளியேற வழியில்லை. மெல்லிய பருத்தி உடை, காற்றோட்டம், அடிக்கடி நீராகாரம் போதும். ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம்.

பாரசிட்டமால் குழந்தையின் வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்துத் தருவது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் இல்லை. தராசு பிடித்தே வாழ்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250 இருக்கும். சிரப் என்று எண்ணிச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் 500 ஆகிவிடும். புட்டியைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. ஆடி முதல் கார்த்திகை வரை இங்கே டெங்குக் காலம். அப்போது இப்யூபுரூபனும் வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே கவனமாக இருக்க வேண்டிய நேரம். விடாத வயிற்று வலி, வாந்தி, ரத்தக் கசிவு, சோர்வு கண்டால் தாமதிக்கலாகாது.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பார்த்துக்கொண்டு, மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

சளி, இருமல்: மூச்சை எண்ணுதல்

சாதாரணச் சளி தானே வந்து தானே போவது. மூக்கடைப்புக்குக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் நாக்கில் தடவவும் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமி, பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி நரம்பை முடக்கும். எங்கள் சமண வீடுகளில் கொல்லாமை கருதித் தேனை விலக்குவோம். பாட்டி வெதுவெதுப்பான நீரில் பனங்கற்கண்டு கரைத்துப் பெரிய பிள்ளைகளுக்குத் தருவார். அறத்துக்காக விலக்கிய ஒன்று கைக்குழந்தைகளுக்குக் காப்பாகவும் இருந்திருக்கிறது.

கடைக்காரர் தரும் இருமல் சிரப்பை வாங்காதீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த இருமல் மருந்தால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று படித்தபோது நான் தலைகுனிந்தேன். இரண்டு வயதுக்குட்பட்டவர்க்கு இத்தகைய மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

சளியா, நுரையீரல் நோயா என்று அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், ஓடுங்கள்.

என் கடைச் சரக்கும் எச்சரிக்கையும்

எம் சான்றோர் காரியாசானும் கணிமேதாவியாரும் தம் நீதிநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயரையே சூட்டினர். ஏலாதியின் ஆறு சரக்கில் ஐந்தை நான் விற்கிறேன். அவற்றின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்க்கு நல்லது என்பதால் பிஞ்சுக்கும் நல்லது என்றாகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதே மருத்துவ உலகின் முடிவு. பேதியின்போது ஓ.ஆர்.எஸ்., மருத்துவர் எழுதும் மருந்து மட்டும் விலக்கு. உரைமருந்தும் வசம்பும் அப்பருவத்தில் தேவையில்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். கற்பூரத்தை விளையாட்டாக எண்ணாதீர்கள். சிறிதளவு விழுங்கினாலே பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். நெஞ்சில் தடவும் தைலத்திலும் அது உண்டு, கைக்குழந்தைக்குத் தடவ வேண்டாம். ஆவி பிடிக்க வைத்து வெந்நீர் கொட்டிய கதைகள் எத்தனையோ. அதுவும் வேண்டாம்.

எப்போது புறப்பட வேண்டும்

இதைக் காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி அடுக்களையில் மாட்டுங்கள்:

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்.
பால் குடிக்காமை, நீர் பருக இயலாமை, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தல்.
எழுப்பினாலும் எழாத மயக்கம், துவண்டு கிடத்தல், வலிப்பு.
வேகமான மூச்சு, நெஞ்சுக் குழிவு, உதடு நீலமாதல்.
கண் குழிதல், அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை.
மலத்தில் ரத்தம். கழுத்து விறைப்பு. அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள்.
மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் முடிந்தது. இரவு மணி பார்க்க வேண்டாம். வழியெல்லாம் கரண்டியால் நீரூட்டிக்கொண்டே போங்கள். மயங்கிய பிள்ளைக்கும் வலிப்பு வந்த பிள்ளைக்கும் மட்டும் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

1994-ல் என் மகனுக்கு இரண்டு வயதில் பேதி கண்டது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். “தண்ணி குடுக்காதேடா” என்றார். நான் பொட்டலத்தைக் கரைத்து, கிண்ணத்தையும் கரண்டியையும் அவர் கையிலேயே கொடுத்து, நிமிடத்துக்கு ஒன்று என்று சொன்னேன். நம்பிக்கையில்லாமல்தான் ஆரம்பித்தார். ஆனால் இரவு முழுக்கக் கண்மூடவில்லை. விடியற்காலை பிள்ளை அவர் மடியிலேயே சிறுநீர் விட்டான், பிறகு சிரித்தான். நனைந்த புடவையை மாற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “இவ்வளவுதானா? அன்னிக்கு இது தெரியாமப் போச்சே” என்றார். தங்கையின் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று தானம் நால்வகை என்பர் எம் ஆசிரியர். உண்ணக் கொடுத்தல், அச்சம் நீக்கல், மருந்து ஈதல், அறிவு தருதல். பிள்ளையின் பக்கத்தில் கிண்ணமும் கரண்டியுமாக விழித்திருப்பவர் இந்த நான்கையும் ஒருசேரச் செய்கிறார். படித்த அன்பர்கள், படிக்க இயலாத ஒரு தாய்க்கேனும் இதை வாய்மொழியாகச் சொல்ல வேண்டுகிறேன்.