உங்களுக்குத் தெரியுமா? அலை வருமுன் மேடேறியவர்கள்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஒலிபெருக்கி எச்சரிக்கையால் காது கேளாதவருக்கு என்ன பயன்?

ஹொக்கைடோ தீவின் உரகாவா என்ற கடலோர ஊரில் அன்று நடந்தது வேறு. அங்குள்ள ‘பெத்தேல் இல்லம்’, மனச்சிதைவு போன்ற மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் சேர்ந்து வாழ்ந்து, உழைக்கும் இடம். சுனாமி வந்தால் எங்கே ஓடுவது என்பதை அவர்கள் பிறர் முடிவுக்கு விட்டுவிடவில்லை. எந்தத் தெரு, எந்தத் திருப்பம், எந்த மேடு என்று தாங்கள் போகும் வழியையே படமும் குரலுமாகக் கணினிக் கையேடாக்கி, அதை வைத்துத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். அன்று அலை வருமுன்பே பத்திரமாக மேடேறிவிட்டார்கள்.

பேரிடர்த் திட்டங்களை வகுப்பதிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய அமைப்புகளுக்கும் இடம் வேண்டும் என்று 2015-ல் ஐ.நா.வின் செண்டாய் செயல்திட்டம் எழுத்தில் வைத்தது. அப்படித் திட்டமிட, யாருக்கு என்ன சிரமம் என்று முதலில் தெரிய வேண்டும்; அதனால் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது கணக்கெடுப்பு. நிவாரண முகாமில் ‘ஊனம் உண்டா?’ என்று கேட்டால் பலர் கூச்சத்தில் இல்லை என்றுவிடுவார்கள். அதனால் மாற்றுத்திறனாளிகள் பற்றிய கணக்கெடுப்புக்கான வாஷிங்டன் குழு வகுத்த ஆறு கேள்விகளில் அந்தச் சொல்லே கிடையாது. பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, குளித்து உடுத்த, பிறருக்குப் புரியும்படி பேச எவ்வளவு சிரமம் என்றுதான் கேட்கிறார்கள்.