பெல்ட் புதிது, எஞ்சின் விளக்கு ஏன் எரிகிறது?

டைமிங் பெல்ட் மாற்றிய கையோடு எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0016 என்று வருகிறது. உடனே புது சென்சார் வாங்காதீர்கள். பல நேரம் அது வீண் செலவு.

இந்த பெல்ட் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கிறது: கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பல கார்களில் கிராங்கோடு சுழலும் பல்சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் 58 பல்தான் இருக்கும். அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கும்போது, கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். மேலே வரும் பிஸ்டன் காற்றை அழுத்த வருகிறதா, புகையைத் தள்ள வருகிறதா? அதைச் சொல்வது கேம் சென்சார். இரண்டு சிக்னலும் எதிர்பார்த்த கோணத்தில் பொருந்தாதபோது வருவதுதான் பி0016. அதாவது, பல நேரம் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது; பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். பெல்ட் மாட்டும் கிராங்க் பக்கச் சக்கரத்தில் 20 பல் என்றால், ஒரு பல் தவறினாலே 18 டிகிரி பிசகு!

பி0335, பி0340 என்றால் வேறு கதை: சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. வேலையின்போது கழற்றிய கனெக்டர் முழுதாக மாட்டாமல் இருக்கலாம், பெல்ட் கவருக்கு அடியில் ஒயர் நசுங்கியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள், காசு செலவில்லை.

பி0016 என்றால் கவரைத் திறந்தாக வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் நேராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பிஸ்டன் வால்வில் முட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.