கழுத்து வலியும் கணக்கும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மாதுங்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு செம்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். சயான் சிக்னலில் நின்ற எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு டெம்போ இடித்தது. பெரிய இடி இல்லை, பம்பர்தான் நசுங்கியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கோ மூன்று மாதம் கழுத்து வலி. "நானும் அதே வண்டியில்தானே இருந்தேன்? எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிட்டேன். டிப்ளமா படித்து, ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு பொறியாளனாக இருந்தவன் சொல்லக்கூடாத வார்த்தை அது என்று பிறகுதான் புரிந்தது.

கார்களை மோதவிட்டுச் சோதிக்கும்போது மனிதருக்குப் பதிலாக, அளவுக்கருவிகள் பொருத்திய பொம்மையை உள்ளே உட்கார வைப்பார்கள். 1976-ல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய 'ஹைப்ரிட் 3' பொம்மைதான் உலகெங்கும் பரவியது. உயரம் சுமார் 175 செ.மீ., எடை 78 கிலோ. அதாவது சராசரி அமெரிக்க ஆண். பின்னால் வந்த பெண் பொம்மையோ சுமார் 150 செ.மீ., 49 கிலோ. ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. சட்டையைப் பிடித்துத் தைத்தால் ரவிக்கை ஆகிவிடுமா?

அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார், ஒரே மாதிரி விபத்தில் சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று 2011-ல் எழுதினார்கள்.

பின்னாலிருந்து இடிபட்டால் நடப்பது எங்கள் வீட்டுக் கதைதான். கனமான உடல் இருக்கையின் முதுகுப்பக்கத்தில் நன்றாக அமுங்கும். இடியின் வேகம் அதில் அடங்கும். இலேசான உடலை அதே இருக்கை சட்டென்று முன்னால் தள்ளிவிடும். கழுத்து வெட்டி இழுக்கும். ஸ்பிரிங்கை எந்த எடைக்கு அமைத்தோமோ அந்த எடைக்குத்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ரயில் பெட்டிகளோடு காலம் கழித்த எனக்கு இது பாலபாடம்!

சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பேராசிரியையின் குழு, இந்தப் பின்மோதல் சோதனைக்கென்றே 162 செ.மீ., 62 கிலோவில் சராசரிப் பெண் பொம்மையை 2022-ல் செய்து காட்டியது. ஆனால் பொம்மை செய்தால் போதாது. விதிகளில் கட்டாயம் என்று எழுதினால்தான் கம்பெனிகள் இருக்கையை மாற்றும்.

அதுவரை நம் வீட்டுப் பெண்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். இருக்கையின் தலைதாங்கியை உச்சந்தலை மட்டத்துக்கு உயர்த்துங்கள். ஓட்டும்போது ஸ்டீயரிங்குக்கும் நெஞ்செலும்புக்கும் இடையே 25 செ.மீ. இருக்கட்டும். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படியவேண்டும்; கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம்.

இதை எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நான் வலிக்கிறதுன்னு சொன்னப்போ நம்பலை. பொம்மை சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.